பழைய பீட்டில் சூடாகிறதா? முதலில் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள்

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் ரேடியேட்டரும் இல்லை, தண்ணீரும் இல்லை. டைனமோவின் ஒரு முனையில் இருக்கும் ஃபேன் வீசும் காற்றும், கொஞ்சம் ஆயிலும்தான் இன்ஜினைக் குளிர்விக்கின்றன. அதனால் சூடு ஏறினால் கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் காற்றின் பாதையைப் பாருங்கள்.

இன்ஜினைச் சுற்றியுள்ள தகடுகள் அழகுக்கு வைத்தவை அல்ல. மேலே குளிர்ந்த காற்று, கீழே சிலிண்டரைத் தொட்டு வெளியேறிய சூடான காற்று. இரண்டும் கலக்காமல் தடுப்பவை அவைதான். தகட்டின் ஓரத்தில் ஓடும் ரப்பர் பட்டை காய்ந்து கிழிந்திருந்தால் ஃபேன் அதே சூடான காற்றையே திரும்ப உறிஞ்சும். ஸ்பார்க் பிளக் வயர் நுழையும் இடத்தில் உள்ள சின்ன ரப்பர் மூடிகளையும் பாருங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான வண்டிகளில் ஒன்றாவது காணாமல் போயிருக்கும்! அது இல்லாவிட்டால் சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று அந்த ஓட்டை வழியே வீணாகிவிடும்.

அப்புறம், டைனமோவையும் ஃபேனையும் சேர்த்துச் சுற்றும் பெல்ட். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 15 மி.மீ. அமுங்க வேண்டும். ஓடும்போது சிவப்பு சார்ஜிங் விளக்கு எரிந்தால் உடனே நிறுத்திப் பாருங்கள். பெல்ட் அறுந்திருந்தால் ஃபேனும் நின்றிருக்கும்.

இன்ஜின் சூடாகும் வரை குளிர்காற்றைக் குறைத்து வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. இன்ஜின் தேவையான சூட்டுக்கு வரவே நேரமாகும், தேய்மானம்தான் மிச்சம்.