காதில் புதிதாக இரைச்சல், சத்தம் என்றாலே கூச்சம்: முதல் சில மாதங்களைச் சமாளிப்பது எப்படி

காதுக்குள் 'ஞொய்' என்று ஆரம்பித்த சத்தம் நிற்கவே மாட்டேன் என்கிறது, தட்டில் கரண்டி படுவதும் கதவு சாத்துவதும்கூடக் காதைக் குத்துகிறது, ராத்திரி தூக்கம் போய்விட்டது, வாழ்நாள் முழுக்க இனி இப்படித்தானா என்று பயந்துபோய் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு இந்த ஆரம்ப மாதங்கள்தான் இருப்பதிலேயே கஷ்டமான கட்டம். சத்தம் முழுசாகப் போய்விடும் என்று யாராலும் உறுதி தர முடியாது, ஆனால் அது உங்களைப் படுத்தும் பாடு குறையும். அதற்கு நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளுக்குள், மந்தமாகிவிட்டதா? அப்படியென்றால் மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம், இன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். சளி அடைப்பாக இருக்கும், தானே சரியாகிவிடும் என்று விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் திடீர் செவித்திறன் இழப்புக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தை முதல் 2 வாரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இரைச்சல் நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ, ஒரே காதில் மட்டும் கேட்டாலோ, தலைசுற்றல் கூடவே வந்தாலோ தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள். முகத்தில் ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

இதெல்லாம் இல்லாதவர்களும் ஒரு தடவை பரிசோதித்துக்கொள்வதே நல்லது. குறும்பி அடைத்திருக்கலாம், நடுக்காதில் நீர் சேர்ந்திருக்கலாம், தாடை மூட்டில் கோளாறு இருக்கலாம். இவை சரிசெய்யக்கூடியவை. சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் கையோடு கொண்டுபோங்கள். அதிக அளவு ஆஸ்பிரின், சிறுநீர் அதிகம் பிரிவதற்குக் கொடுக்கும் சில மருந்துகள், ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாடிக், குயினைன், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின் இவையெல்லாம் காதைப் பாதிக்கக்கூடியவை. ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சத்தம் தாங்காத நிலையில் இருப்பவர்கள் பரிசோதனை அறைக்குள் போகும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும், ரொம்ப முக்கியம். குறும்பியை உறிஞ்சி எடுக்கும் கருவி காதுக்கு வெகு அருகில் பலத்த சத்தம் போடும், வேறு முறையில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். நடுக்காதின் அழுத்தம் பார்க்கும் பரிசோதனையோடு சேர்த்து, பலமான ஒலியைக் காதுக்குள் செலுத்திப் பார்ப்பதும் உண்டு, இப்போதைக்கு அதை விட்டுவிடலாமா என்று ஆடியாலஜிஸ்டிடம், அதாவது செவித்திறனைச் சோதிக்கும் நிபுணரிடம், கேட்டுவிடுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் காதடைப்பானும் அதன் மேல் காதுறையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். இதையெல்லாம் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

அப்புறம், ஆடியோகிராம் என்ற செவித்திறன் பரிசோதனையை எடுத்து "எல்லாம் நார்மல், பழகிக்கொள்ளுங்கள்" என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். நிறையப் பேர் மனம் உடைந்துபோவது அந்த இடத்தில்தான். வழக்கமான ஆடியோகிராம் 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை குறிப்பிட்ட சில அதிர்வெண்களில் மட்டுமே காது எவ்வளவு மெல்லிய ஒலியைப் பிடிக்கிறது என்று பார்க்கும். அதற்கு மேலே உள்ள ஒலிகளில் ஏற்பட்ட இழப்போ, காது நரம்பில் ஏற்பட்ட சிறு சேதமோ அதில் தெரியாமல் போகலாம். ரிப்போர்ட் நார்மல் என்பதால் நீங்கள் கற்பனை செய்கிறீர்கள் என்று அர்த்தமில்லை.

என்ன நடக்கிறது என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச் செல்கள் கொஞ்சம் பழுதானால் மூளைக்குப் போகும் சமிக்ஞை குறைகிறது. ஸ்டேஷன் சரியாக எடுக்காத ரேடியோவில் நாம் வால்யூமைக் கூட்டுவது மாதிரி மூளை தன் உணர்திறனைக் கூட்டிவிடுகிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அப்படிக் கூட்டும்போது நரம்புகளில் எப்போதும் இருக்கும் சலசலப்பு இரைச்சலாகக் கேட்கிறது, வெளியிலிருந்து வரும் சாதாரண சத்தமும் பெரிதாகி வலிக்கிறது. இரண்டும் சேர்ந்து வருவது அதனால்தான். 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் காதில் குறையே இல்லாத 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். அவர்களை அது படுத்தவில்லை, உங்களைப் படுத்துகிறது. காரணம், உங்கள் மூளை அந்தச் சத்தத்தை ஆபத்தின் அறிகுறியாகக் குறித்துவைத்திருக்கிறது. பயம் இருக்கும்வரை அது கவனத்தை அங்கேயே இழுத்துப் பிடிக்கும், கவனம் போகப் போகப் பயம் கூடும். இந்தச் சுழலை 1990 வாக்கில் பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் என்ற ஆய்வாளர் விளக்கினார், ஒலியைக் கொண்டு பழக்கப்படுத்தும் சிகிச்சை முறை ஒன்றும் அதிலிருந்து உருவானது.

ஆகவே வீட்டில் முதலில் செய்ய வேண்டியது, முழு அமைதியைத் தவிர்ப்பது. இது தலைகீழாகத் தோன்றும், தெரிகிறது. ஆனால் அமைதியான அறையில் மூளைக்குக் கேட்க வேறொன்றும் இருக்காது, அது இரைச்சலையே தேடிப் பிடிக்கும். மின்விசிறி, மழைச் சத்தத்தின் பதிவு, ஓடும் தண்ணீர், எது உங்களுக்கு இதமாக இருக்கிறதோ அதை நாள் முழுக்கப் பின்னணியில் மெல்ல ஓடவிடுங்கள். எவ்வளவு மெல்ல என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ராத்திரி படுத்துக்கொண்டு, தலைமாட்டில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்து, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மழையும் கேட்க வேண்டும், அதற்கு அடியில் உங்கள் இரைச்சலும் கேட்க வேண்டும், இரண்டும் ஒன்றோடொன்று கலக்க ஆரம்பிக்கிறதே, அந்த இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிடுங்கள். இரைச்சலை அமுக்கும் அளவுக்குப் போனால் மூளை பழகுவதற்கு அங்கே எதுவுமே மிஞ்சாது, நிறுத்தியதும் இன்னும் பெரிதாகக் கேட்பதாகவும் தோன்றும். சத்தத்தையே தாங்க முடியாதவர்கள் காதில் விழுகிறதா இல்லையா என்கிற அளவில் தொடங்கினாலும் போதும். இதற்கு இயர்போன் வேண்டாம், அறையில் இருக்கும் ஸ்பீக்கரே நல்லது.

காதடைப்பான் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வீட்டுக்குள் அதைப் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். போட்டால் நிம்மதிதான், ஆனால் உள்ளே வரும் ஒலி குறையக் குறைய மூளை உணர்திறனை இன்னும் கூட்டும். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் நல்ல செவித்திறன் உள்ளவர்களே 2 வாரம் விடாமல் காதை அடைத்துவைத்த பிறகு சத்தத்தைத் தாங்கும் அளவு குறைந்துபோனது. அதே காலம் வெளியிலிருந்து மெல்லிய ஒலியைக் காதில் கேட்டுக்கொண்டிருந்தபோது தாங்கும் அளவு கூடியது. அதற்காகக் காதைக் காக்க வேண்டாம் என்று இல்லை. 85 டெசிபலில் 8 மணி நேரம்தான் பாதுகாப்பான வரம்பு என்கிறார்கள், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். துளையிடும் எந்திரம், கச்சேரி மேடை, பட்டறை இங்கெல்லாம் கட்டாயம் போடுங்கள். எதிரில் இருப்பவர் உரக்கக் கத்தினால்தான் கேட்கிறது என்றால் அது போட வேண்டிய இடம். சாதாரணக் குரலில் பேச முடிகிற இடத்தில் கழற்றிவிடலாம்.

கூச்சத்தைக் குறைக்கும் வழி மெதுவானது, ஆனால் நடக்கும். தட்டும் கரண்டியும் பிரச்சினை என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் எழுப்பும் சத்தத்தில் தொடங்காமல், உங்கள் கையாலேயே, நீங்கள் தயாராக இருக்கும் நேரத்தில், தட்டின் மேல் துணியை விரித்துக் கரண்டியால் மெல்லத் தட்டுங்கள். சில நாளில் அது ஒன்றுமில்லாமல் போனதும் துணியை எடுத்துவிட்டு விரல் நுனி அழுத்தத்தில் தட்டுங்கள், அப்புறம் சாதாரணமாக. எப்போது எவ்வளவு சத்தம் வரும் என்று உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதால் உடம்பு விறைக்காது. இப்படியே ஒவ்வொரு சத்தத்துக்கும். கூச்சம் வேறு, வலி வேறு என்பதையும் கவனியுங்கள். சத்தம் கேட்ட பிறகு மணிக்கணக்கில், நாள்கணக்கில் காதுக்குள் எரிச்சலோ குத்தலோ நீடித்தால் அடுத்த படிக்குப் போகாதீர்கள், ஓய்வு கொடுங்கள். இதில் அனுபவமுள்ள ஆடியாலஜிஸ்டோடு சேர்ந்து மட்டும் முன்னேறுங்கள்.

பல்லைக் கடித்தால், கழுத்தைத் திருப்பினால் இரைச்சலின் சுருதி மாறுகிறதா? நிறையப் பேருக்கு மாறும். பயப்பட வேண்டாம், தாடையும் கழுத்தும் இறுகியிருப்பது அதைக் கூட்டுகிறது என்பதற்கான தடயம் அது. பல் டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ உதவ முடியும்.

மாத்திரை விளம்பரங்களில் பணத்தை விடாதீர்கள். ஜிங்கோ என்ற மூலிகை, துத்தநாகம், தூக்கத்துக்கு எடுக்கும் மெலடோனின் இவற்றை இரைச்சலுக்காகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2014 வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. அதே வழிகாட்டி ஆதரிப்பது அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை, அதாவது பேசிப் பேசியே எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சி.பி.டி.யை. கேட்கும் திறனும் குறைந்திருந்தால் காது கேட்கும் கருவி போட்டுப் பார்க்கவும் சொல்கிறது. சி.பி.டி. இரைச்சலின் அளவைக் குறைக்காது, அதன் மேல் நமக்கிருக்கும் பயத்தையும் தவிப்பையும் குறைக்கும். மனநல நிபுணரிடம் போகச் சொன்னால் "எனக்கு மனசில் கோளாறா?" என்று கோபப்பட வேண்டியதில்லை. தூக்கமே இல்லாமல் நாள்கள் போகின்றன, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வருகிறது என்றால் தயவுசெய்து அன்றே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவ உதவி கேளுங்கள். அந்த எண்ணம் வருவதும் இதில் நடக்கிறது, அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு உங்கள் காதுக்குள் நடப்பது கேட்காது. "சத்தம் போடாதே" என்று சொன்னால் சண்டைதான் வரும். "பாத்திரம் எடுக்கும் முன்னால் ஒரு வார்த்தை சொல்லு, நான் அந்தப் பக்கம் போய்க்கொள்கிறேன்" என்று குறிப்பாகக் கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள்.

இன்று எவ்வளவு கேட்கிறது என்று காலையில் எழுந்ததும் உற்றுக் கேட்டு மதிப்பெண் போடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், தினமும் அளக்கும் பொருளை மூளை மறக்காது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு நாள் இரைச்சல் ஏறும். தூக்கம் கெட்டிருக்கும், ஜலதோஷம் பிடித்திருக்கும், காரணமே இல்லாமலும் ஏறும். பெரும்பாலும் சில நாளில் தானே இறங்கிவிடும். அந்த நாள்களில் பின்னணி ஒலியை அதே அளவில் விடுங்கள், கூட்ட வேண்டாம், காதையும் அடைக்க வேண்டாம், கரண்டிப் பயிற்சியில் ஒரு படி கீழே இறங்கிக்கொள்ளுங்கள். 2 வாரத்துக்கு மேல் இறங்காமலே நின்றாலோ, அதோடு கேட்கும் திறன் குறைந்தது போலத் தெரிந்தாலோ மறுபடி ஆடியோகிராம் எடுத்துப் பாருங்கள். ஒரே நாளில் ஒரு காது மந்தமானால் முன்பே சொன்னதுதான், காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டர்.