மீனுக்கு நோய்ப் பெயர் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீனியை அள்ளிப் போடாதே, டேங்கை வெயிலில் வைக்காதே, குளோரின் தண்ணீரை அப்படியே ஊற்றாதே. இதையெல்லாம் கடைக்காரரே மீனைக் கவரில் கட்டும்போது சொல்லி அனுப்பிவிடுகிறார். அதற்குள் நான் போகவில்லை.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று பாலக்காட்டுக்குக் கிழக்கே எங்கள் தமிழக எல்லைப் பக்கத்தில் இப்போது மொட்டை மாடிக்கு மொட்டை மாடி தெர்மோகோல் பெட்டிதான். பொள்ளாச்சியிலும் கோவையிலும் மீன் வாங்கி வருகிறார்கள். கொஞ்சம் துணிந்தவர்கள் சென்னை கொளத்தூரிலிருந்து பார்சலில் வரவழைக்கிறார்கள். மீன் சோர்ந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார்கள். போட்டோவோடு தீர்ப்பும் வந்துவிடும்: "அண்ணா, ஃபங்கஸ். என்ன மருந்து ஊத்தட்டும்?" ஒரு காலத்தில் நானும் இப்படிப் பெயரை முதலில் வைத்துவிட்டு மருந்துக்கு ஓடியவன்தான், அதனால் கோபம் வருவதில்லை. எப்போதிலிருந்து இப்படி என்று மட்டும் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் இருக்காது. ஒரே தோற்றத்தில் பல நோய்கள் வரும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் நாள்கணக்குதான். அதைக் கவனிக்காமல் விடுவதில்தான் கீழே உள்ள தவறுகளில் பாதிக்கு மேல் தொடங்குகின்றன.

வெள்ளையாக எதைப் பார்த்தாலும் வெள்ளைப்புள்ளி

ஆண் கோல்டு ஃபிஷ் இனப்பெருக்கப் பருவத்துக்கு வந்தால் செவுள் மூடியிலும், முன்பக்கத் துடுப்பின் முதல் முள்ளிலும் வெள்ளைப் பொரிகள் வரும். வரிசையாக, அடக்கமாக இருக்கும். உடம்பிலோ வாலிலோ பெரும்பாலும் பரவாது. மீன் சுறுசுறுப்பாகப் பெண் மீனைத் துரத்திக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு மருந்தை ஊற்றி, ஆரோக்கியமான மீனைப் படுக்க வைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

உண்மையான வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணியால் வரும் நோய். உப்புத் தூவியது போல உடம்பெங்கும் ஒழுங்கில்லாமல் வரும். மீன் கல்லிலும் செடியிலும் உடம்பை உரசும். இங்கே நடக்கும் தவறு மருந்தைச் சீக்கிரம் நிறுத்துவது. அந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. முற்றியதும் தானாகக் கழன்று டேங்கின் அடியில் ஒட்டி, உள்ளுக்குள் நூற்றுக்கணக்கில் பிரிந்து, நீந்தும் குஞ்சுகளாக வெளியே வரும். அப்போதுதான் மருந்து கொல்லும். மூன்றாம் நாள் புள்ளி மறைந்தால் புள்ளி கீழே விழுந்திருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். அடுத்த அலை பின்னாலேயே வரும். 25 டிகிரி சூட்டில் இந்தச் சுற்று ஏறக்குறைய ஒரு வாரம். தண்ணீர் குளிர்ந்தால் நீளும். ஆகவே கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு சுற்று முடியும்வரை மருந்து தொடர வேண்டும்.

வாயில் பஞ்சு

வாய் ஓரத்திலோ முதுகுத் துடுப்பைச் சுற்றிச் சேணம் போட்டது மாதிரியோ வெளிறிய படலம் வந்து, ஒன்றிரண்டு நாளில் மீன் செத்தால் அது ஃபங்கஸ் என்கிற பூஞ்சையே கிடையாது, பாக்டீரியா. காலம்னாரிஸ் என்பார்கள். பூஞ்சை பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் புண்ணின் மேல் நிதானமாக வளரும். நூல் நூலாக நீட்டிக்கொண்டு நிற்கும். இந்தக் குழப்பத்தில் மோசமான பகுதி ஹீட்டர். வெள்ளைப்புள்ளிக்குச் சூட்டைக் கூட்டுவார்கள் என்று கேள்விப்பட்டு இதற்கும் கூட்டுகிறார்கள். சூட்டில் காலம்னாரிஸ் இன்னும் வேகமாகக் கொல்லும்.

காலையில் நிறம் வெளுத்த நியான் டெட்ரா

தூங்கி எழுந்த மீன். லைட் போட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள்.

முதுகு வளைந்த கப்பி

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இந்தத் தவறில்தான்.

வேலந்தாவளத்துப் பையன் ஒருவன். மீன் வளர்க்க நல்ல கை. ஆல்பினோ ஃபுல் ரெட் கப்பி ஒரு ஜோடி நல்ல விலை கொடுத்து வாங்கினான். சில மாதம் கழித்துப் பெண் மீனின் முதுகு வால் பக்கம் வளைந்து தெரிந்தது. "அது பிறவிக் கூனுங்ண்ணா. குட்டி நல்லாப் போடுது" என்றான். வாங்கும்போது எப்படி இருந்தது என்று கேட்டேன். வாங்கிய அன்று எடுத்த வீடியோ அவன் போனிலேயே இருந்தது. அதில் மீன் ஸ்கேல் வைத்த மாதிரி நேராகப் போகிறது. "நேரா வாங்கின மீனுக்கு எப்படிடா பிறவிக் கூன் வரும்?" என்றேன். சிரித்தான். மீனை மட்டும் எடுக்கவில்லை. விலை கொடுத்த மீனாயிற்றே, இன்னும் ஒரு தடவை குட்டி போடட்டும் என்ற ஆசை.

அந்தக் குட்டிகள் அவன் வீட்டோடு நிற்கவில்லை. நண்பர்களுக்குப் போயின, அங்கிருந்து இன்னும் சில வீடுகளுக்குப் போயின. பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கதை. மீன் சாப்பிடும், ஆனால் வயிறு ஒட்டும். நிறம் மங்கும். வாரத்துக்கு ஒன்று என்று மெதுவாகப் போகும். ஒரே நாளில் கூட்டமாகச் சாகாததால் யாருக்கும் பயம் வரவில்லை. தீனி சரியில்லை என்றான் ஒருவன், மழைத்தண்ணீர் விழுந்துவிட்டது என்றான் இன்னொருவன்.

மீன் வளர்ப்பவர்கள் டிபி என்று சொல்வது இதைத்தான். மனிதருக்குக் காசநோய் தரும் கிருமியின் சொந்தக்காரக் கிருமிகள், மைக்கோபாக்டீரியம் குடும்பம். மீனின் மண்ணீரல், சிறுநீரகம், ஈரல் எல்லாவற்றிலும் சின்னச் சின்ன முடிச்சுகளை உண்டாக்கி மாதக்கணக்கில் அரிக்கும். முதுகு வளைவது, மெலிவது, ஆறாத புண், கண் பிதுங்குவது என்று எப்படி வேண்டுமானாலும் வெளியே தெரியலாம். செத்த மீனை மற்றவை கொத்தித் தின்றால் தொற்று கூடும். டேங்கில் கொடுத்து நம்பிக்கையாகக் குணமாக்கும் மருந்து எதுவும் இல்லை. உறுதிப்படுத்த வேண்டுமென்றால் ஆய்வகத்தில் உறுப்பை எடுத்துச் சாயமேற்றிப் பார்க்க வேண்டும். மனிதரின் சளிப் பரிசோதனைக்குப் போடுகிற அதே ஜீல்-நீல்சன் சாயம்தான்.

வளைந்த மீன் எல்லாமே டிபி என்று முடிவு கட்டுவதும் இதே தவறின் மறுபக்கம். மீனாட்சிபுரம் பக்கம் ஒருவர், பிறந்த குட்டிகளில் இரண்டு வளைந்திருந்ததைப் பார்த்துவிட்டுத் தாய் தகப்பன் உட்பட மொத்தத்தையும் அழித்துத் தொட்டியையும் காயப் போட்டார். பாவம், நல்ல மீன்கள்.

எப்படிப் பிரிப்பது? பிறந்த முதல் வாரத்திலேயே வளைவு தெரிந்து, மீன் வளர வளர அதே அளவில் நின்று, உடம்பும் கொழுகொழுவென்று இருந்தால் பிறவிக் குறை. கூடப் பிறந்ததற்குள்ளேயே திரும்பத் திரும்ப இணை சேர்த்த வம்சத்தில் இது அதிகம். இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள், மற்றபடி அது பாட்டுக்கு வாழும்.

ஒரே பெட்டியில் வளரும் குட்டிகளில் நிறைய ஒன்றுபோல வளைந்தால் தீனியைப் பாருங்கள். பெரும்பாலான மீன்களால் வைட்டமின் சியைத் தாமாகத் தயாரிக்க முடியாது, அது குறைந்தால் முதுகெலும்பு கோணும். கடையில் மூட்டையிலிருந்து பிரித்துக் கவரில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் தீனியில், எங்கள் ஊர் வெக்கைக்கு அந்த வைட்டமின் எத்தனை மாதம் தாங்கும் என்று நினைக்கிறீர்கள்?

நேற்று மாலை நேராக இருந்த மீன்கள் பல, இன்று காலை வளைந்து கிடந்தால் கையைத் தண்ணீரில் விடாதீர்கள். முதலில் எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். ஹீட்டரிலோ தண்ணீருக்குள் இருக்கும் மோட்டாரிலோ மின்கசிவு இருக்கலாம். ஷாக்கில் தசைகள் ஒரே இழுப்பாக இழுத்து மீனின் முதுகெலும்பு முறியும்.

வளர்ந்த மீன், நேராக இருந்தது, வாரக்கணக்கில் மெல்ல வளைகிறது, கூடவே மெலிகிறது, அதே தொட்டியில் இன்னொன்றும் அப்படித் தொடங்குகிறது. இப்படி இருந்தால் ஆய்வகத்துக்குக் காத்திருக்காமல் டிபி என்று வைத்துக்கொண்டே நடக்க வேண்டும். வயதான மீனும் லேசாகக் கூனும் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலான கப்பிக்கு ஆயுளே இரண்டு வருடம் போலத்தான். ஆறு மாத மீனுக்கு முதுமை என்று காரணம் சொல்லாதீர்கள்.

அந்த மீனைத் தனியே எடுத்துக் கிராம்பு எண்ணெயை அளவு கூட்டிக் கொடுத்தால் வலியில்லாமல் போகும். கால்வாயில் விடக் கூடாது. மூலத்தறைக் கால்வாயில் விட்டால் நோயோடு சேர்த்துக் கப்பியையும் ஆற்றுக்குக் கொடுத்த மாதிரி. வலையைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போட்ட ரோஸ் தண்ணீரில் முக்கி எடுப்பது இந்தக் கிருமிக்குப் போதாது, 70 சதவீத ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் காயவிடுங்கள். அந்தத் தொட்டியின் வலை, ட்யூப், தண்ணீர் எதுவும் இன்னொரு தொட்டிக்குப் போகக் கூடாது. குட்டியும் யாருக்கும் போகக் கூடாது, காசுக்கும் சரி, சும்மாவும் சரி.

அப்புறம் உங்கள் கை. இந்தக் குடும்பத்தில் மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி, விரலில் இருக்கும் வெட்டு வழியாக மனிதருக்குள்ளும் போகும். அதற்குப் பிடித்த சூடு 30 டிகிரி அளவு, 37-ல் சரியாக வளராது. அதனால் பெரும்பாலும் கைவிரலிலும் முன்கையிலும் சிவந்த முடிச்சாக நின்றுவிடும். நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு உள்ளேயும் போகலாம். மனிதரிடமிருந்து மனிதருக்கு ஒட்டாது. ஆனால் மருந்து மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். தொட்டியில் கை விட்டு இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் முடிச்சே தெரியும், அதனால் ரெண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஆறாத புண்ணோடு டாக்டரிடம் போனால் "வீட்டில் மீன் வளர்க்கிறேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். தோல் கிழிந்த கையை உறை இல்லாமல் விடாதீர்கள். தண்ணீர் இறக்க ட்யூபை வாயால் உறிஞ்சும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

வயிறு வீங்கினால் டிராப்ஸி

மேலிருந்து பாருங்கள். செதில்கள் தனித்தனியே தூக்கிக்கொண்டு நின்றால் உடம்புக்குள் நீர் கோத்திருக்கிறது. அதைத்தான் டிராப்ஸி என்கிறார்கள். அதுவும் நோயின் பெயர் அல்ல, சிறுநீரகம் போன்ற உறுப்புகள் தோற்றுப்போனதன் அடையாளம். அந்தக் கட்டத்தில் பிழைப்பது அபூர்வம். செதில் படிந்தே இருந்தால் முட்டையாக இருக்கலாம், குட்டியாக இருக்கலாம், மலச்சிக்கலாக இருக்கலாம். பலூன் மோலி வகை மீனாக இருந்தால் நோயே இல்லை: முதுகெலும்பு குறுகும்படி மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்த உருவம் அது. பிளட் பாரட் மீனின் மூடாத வாயும் அப்படித்தான், கலப்பினத்தோடு வந்த குறை. அதற்கு மருந்து கேட்டு வருகிறவர்களுக்கு நான் டீ மட்டும் கொடுத்து அனுப்புவேன்.

ஆஸ்கார் மீனின் நெற்றியில் துளை

சின்னதாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அது பிறவியிலேயே இருக்கும் உணர்வுத் துளை. பெரிதாகிக்கொண்டே போய் வெள்ளையாக எதையாவது கக்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

கண் பிதுங்கல்

ஒரு கண் என்றால் பெரும்பாலும் அடிபட்டது. இரண்டும் என்றால் உடம்பிலோ தண்ணீரிலோ கோளாறு.

மீனைப் பார்த்துவிட்டுத் தண்ணீரைப் பார்க்காதது

எங்கள் கிழக்குப் பக்கத்தில் போர்வெல் தண்ணீர் கடினமானது, பிஎச் (அமில-கார அளவு) எட்டை ஒட்டி இருப்பது சகஜம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவுக்கான சோதனையில் நிறம் லேசாக மாறினால் "கொஞ்சம்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். பிஎச் 7 என்றால், 25 டிகிரியில், அந்த அம்மோனியாவில் அரை சதவீதம்தான் விஷ வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் 5 சதவீதத்துக்கு மேல். 8.5 ஆனால் ஏறக்குறைய 15. மலைப்பக்கத்து மென்மையான தண்ணீரில் வளர்ப்பவருக்கு ஒன்றும் செய்யாத அளவு, நம் தொட்டியில் செவுளை எரித்துவிடும். எரிந்த செவுளோடு மேலே வந்து வாய் பிளக்கும் மீனுக்கு ஆன்டிபயாட்டிக் போட்டால், ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவும் சாகக்கூடும். விஷம் இன்னும் கூடும். மருந்து வேலை செய்யவில்லை என்று அடுத்த மருந்தை வாங்குவார்கள்.

பச்சைத் தண்ணீர் சிமென்ட் தொட்டியில் நேரத்தையும் பாருங்கள். விடியற்காலையில் மட்டும் மேலே வந்து மூச்சு வாங்கி, வெயில் ஏறியதும் தெளிந்துவிட்டால் ஆக்ஸிஜன் குறைவு. இரவில் பாசியும் அதைத்தான் மூச்சாக இழுக்கிறது. நேர்மாறாக, காலையில் நன்றாக இருந்து பிற்பகலில் துவண்டால் அம்மோனியாவைச் சந்தேகியுங்கள். பகலெல்லாம் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் அந்த நேரத்தில்தான் பிஎச் உச்சத்தில் இருக்கும்.

லைட் போட்டு எடுத்த போட்டோ

ஊதா லைட்டில் எல்லா மீனுக்கும் நோய்தான். வெள்ளை வெளிச்சத்தில் வீடியோ அனுப்புங்கள், பக்கவாட்டிலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று.

செத்த மீனை வைத்து நோய் சொல்வது

இரவு செத்துக் காலையில் கண்டெடுத்த மீனின் கண் மங்கியிருக்கும், செவுள் வெளுத்திருக்கும், உடம்பில் பஞ்சு கூடப் படிந்திருக்கலாம். 28 டிகிரித் தண்ணீரில் ஓர் இரவு கிடந்தால் எந்த மீனும் அப்படித்தான் ஆகும். அதைப் பார்த்துச் சொல்லும் நோய் மீன் செத்த பிறகு வந்தது. ஆய்வகத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் சாகும் தறுவாயில் இருக்கும் மீனை உயிரோடு கொண்டுபோங்கள். முடியாவிட்டால் இப்போதுதான் செத்ததை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்தால் திசு உடைந்துவிடும். அதே தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய தேதி, முதலில் மாற்றம் கண்ட தேதி, இதுவரை ஊற்றிய மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கூட வையுங்கள்.