சனிக்கிழமைச் சம்பள நோட்டிலிருந்து ஒரு எம்ஐஎஸ்: சிறு யூனிட்டுக்கான செய்முறை

திருப்பூரில் எங்களுடையது 24 மெஷின் ஓடுகிற சிறிய யூனிட். துணியைப் பார்ட்டி கொடுத்துவிடுவார். கட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை எங்கள் வேலை, பீஸுக்கு இவ்வளவு என்று ஜாப் ஒர்க் கூலி. மூன்று வருடத்துக்கு முன் ஒரே வாரத்தில் இரண்டு பார்ட்டிகள் ஆர்டரோடு வந்தார்கள். காலியாக இருந்தது ஒரு பேட்ச்தான் (சேர்ந்து ஒரு ஆர்டரைத் தைக்கிற மெஷின் வரிசைக்கு எங்கள் பெயர்). பெரிய பார்ட்டிக்கே தைக்கலாம் என்றார் அப்பா. 6,000 பீஸ், ரேட்டும் ஒரு ரூபாய் கூடுதல். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் ஏன் என்று சொல்லக் கையில் ஒரு கணக்கும் இல்லை. கணக்கு எழுத டேலி சாஃப்ட்வேர் இருந்தது, ஆடிட்டர் இருந்தார், ஜிஎஸ்டி ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. இருந்தும் அந்தக் கேள்விக்கு எதிலும் பதில் கிடைக்கவில்லை.

அந்தப் பதிலைத் தருகிற ஏற்பாட்டுக்குத்தான் எம்ஐஎஸ் என்று பெயர். மேலாண்மைத் தகவல் அமைப்பு. கல்லூரியில் பத்து மதிப்பெண் கேள்வியாகப் படித்திருப்பீர்கள். எங்கள் யூனிட்டில் அது ஒரு துண்டுச் சீட்டு, ஒரு கூகுள் ஷீட், திங்கட்கிழமை காலையில் அரை மணி நேரம், அவ்வளவுதான். எப்படிச் செய்தோம் என்று வரிசையாக எழுதுகிறேன். ஷீட் திறப்பது, கூட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எடுக்க வேண்டிய முடிவை ஒரு வரியில் எழுதுங்கள்

என்னென்ன தகவல் இருக்கிறது என்று பட்டியல் போடத் தொடங்காதீர்கள். எந்த முடிவில் தடுமாறுகிறீர்கள் என்பதை எழுதுங்கள். நாங்கள் எழுதியது: “ஒரு பேட்ச் காலியானால் யாருடைய ஆர்டரை ஏற்றுவது?” மளிகை மொத்த வியாபாரம் என்றால், எந்தக் கடைக்குக் கடன் நீட்டிப்பது என்று இருக்கலாம். ஒரு கேள்வி போதும். இரண்டாவது கேள்வியை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: செலவாகிற ஒவ்வொரு ரூபாய் மேலும் ஆர்டர் எண்

இந்தப் படியில்தான் நான் எட்டு மாதம் நின்றுபோனேன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் சம்பள நோட்டைத் திறந்தால் டெய்லர் பெயர், எத்தனை பீஸ், ரேட், முன்பணம், கையில் கொடுத்தது, எல்லாம் இருக்கும். கைமடி (டெய்லருக்குத் துணையாள்), செக்கிங், அயர்னிங் ஆட்களுக்கு எத்தனை ஷிப்ட் என்பதும் இருக்கும். பல வருட நோட்டு அலமாரியில் அடுக்கி இருக்கிறது. நான் அதையெல்லாம் ஷீட்டில் ஏற்ற உட்கார்ந்தபோது அப்பா கேட்டார்: “எல்லாம் நோட்டுல இருக்குது கண்ணு, எதுக்கு மறுபடியும் எழுதறே?”

ஏற்றி முடித்த பிறகுதான் புரிந்தது. அந்த நோட்டு சனிக்கிழமை யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதற்காக எழுதியது. எந்த ஆர்டருக்காகக் கொடுத்தோம் என்பது அதில் எங்கும் இல்லை. ஒரு வாரத்தில் ஒரே டெய்லர் மூன்று ஆர்டரில் தைத்திருப்பார். நோட்டில் ஒரே தொகைதான். அந்தத் தொகையை எந்த ஃபார்முலா போட்டும் பிரிக்க முடியாது. எழுதும்போதே விட்டுப்போன தகவலைப் பிறகு எந்த சாஃப்ட்வேரும் கொண்டுவராது. கணக்குப் பதிவுக்கும் மேலாண்மைத் தகவலுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் கற்றுக்கொண்டது இங்கேதான்.

சரி, ஆர்டர் எண் போடலாம் என்று முடிவு செய்து, முதலில் பார்ட்டி பெயரின் சுருக்கம், வருடம், ஸ்டைல் நம்பர், கலர் எல்லாம் சேர்த்து நீளமாக ஒரு எண் உண்டாக்கினேன். யாரும் எழுதவில்லை. சூப்பர்வைசர் அக்கா நேராகவே சொன்னார்: “இந்த நம்பர எழுதறதுக்குள்ள ரெண்டு பீஸ் தெச்சரலாம் தம்பி.” அவர் சொன்னது நியாயம்.

இப்போது எங்கள் ஆர்டர் எண் மூன்றே இலக்கம். 401, 402 என்று வந்த வரிசையில் போகும். எண்ணுக்குள் எந்த அர்த்தமும் இல்லை. பார்ட்டி யார், ஸ்டைல் என்ன என்பதெல்லாம் ஷீட்டில் அந்த எண்ணுக்கு எதிரே இருக்கும். எந்த பேட்ச் எந்த ஆர்டரைத் தைக்கிறதோ, அதன் எண் மேலே தொங்குகிற கரும்பலகையில் சாக்பீஸால் பெரிதாக எழுதியிருக்கும். கட்டிங் மேசையில் பண்டல் கட்டும்போதே மேல் பீஸில் அந்த எண் ஏறிவிடும். “நானூத்தி பன்னெண்டு முடிஞ்சிருச்சுங்க” என்று ஆட்கள் எண்ணைச் சொல்லிப் பேச ஆரம்பித்த நாளில்தான் எங்களுக்கு எம்ஐஎஸ் வந்தது என்று நினைக்கிறேன்.

முதலில் சொன்ன துண்டுச் சீட்டில் ஐந்து இடம்தான்: தேதி, பெயர், ஆர்டர் எண், பீஸ் அல்லது ஷிப்ட், வேலை வகை. வேலை வகையில் இரண்டே சொல், புதுசு அல்லது ஆல்டர் (தைத்ததைப் பிரித்துத் திரும்பத் தைப்பது). ஆல்டர் என்றால் காரணம் ஒரு வார்த்தையில்: துணி, தையல், பார்ட்டி மாற்றினது. இந்தக் கடைசி வார்த்தையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஏன் என்று படி 4-இல் வரும்.

எந்த ஆர்டரிலும் சேராத வேலைக்கு 100 என்று ஒரு பொது எண் வையுங்கள். மெஷின் ரிப்பேருக்காகக் காத்திருந்தது, யூனிட் கழுவியது எல்லாம் அதில் போகும். ஆனால் வாராவாரம் 100-ஐப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால், எண்ணைக் கேட்க நேரமில்லாமல் எல்லாவற்றையும் அதில் தள்ளுகிறார்கள் என்று அர்த்தம்.

(1951-இல் லண்டனில் ஜே. லயன்ஸ் என்ற டீக்கடைக் கம்பெனி லியோ என்று சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் கட்டியது. வியாபாரக் கணக்குக்காக ஓடிய முதல் கம்ப்யூட்டர் அதுதான். அதற்குக் கொடுத்த முதல் வழக்கமான வேலை பேக்கரிக் கணக்கு: ரொட்டி, கேக் ஒவ்வொன்றும் எவ்வளவில் அடக்கமாகிறது என்பது. இதைப் படித்தபோது எனக்கு அத்தனை சந்தோஷம். அவர்களும் பன்னுக்கும் கேக்குக்கும் தனித்தனியே செலவைப் பிரிக்கத்தான் பாடுபட்டிருக்கிறார்கள்.)

படி 3: மூன்று தாள், மூன்றுக்கும் நடுவில் அந்த எண்

கூகுள் ஷீட்டில் மூன்று தாள் போதும். முதலாவதில் ஆர்டர்: எண், பார்ட்டி, பீஸ், ரேட், பேட்ச் ஏறிய நாள், இறங்கிய நாள். இரண்டாவதில் கூலிச் சீட்டுகள். மூன்றாவதில் பில்: பில் தேதி, பணம் வந்த தேதி, தொகை. பார்ட்டி பெயரை யாரும் கையால் அடிக்க விடாதீர்கள். டேட்டா வேலிடேஷன் வைத்துப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே பார்ட்டி மூன்று எழுத்தில் மூன்று ஆளாகி நிற்பார். ஆர்டர் எண்ணை வைத்துக் கூட்ட சம்இஃப்ஸ் (SUMIFS) ஃபார்முலா போதும்; பிவட் டேபிள் பழகியிருந்தால் அது இன்னும் சுலபம்.

ஏன் எக்செல் வேண்டாம், கூகுள் ஷீட் என்கிறேன்? எங்களிடம் எக்செல் கோப்பு பென் டிரைவில் நான்கு பிரதியாகத் திரிந்தது. எது புதுசு என்று தேடுவதிலேயே காலை போய்விடும். டேலியிலேயே காஸ்ட் சென்டர் வசதி இருக்கிறது, ஆர்டர் வாரியாகச் செலவைப் பிரிக்கலாம். உங்கள் அக்கவுண்டன்ட் அதில் கெட்டி என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் விலை கொடுத்து ஈஆர்பி (மொத்த நிர்வாகத்துக்குமான மென்பொருள்) வாங்குவதை மட்டும் சீட்டில் எண் தவறாமல் ஏறுகிற வரை தள்ளிப்போடுங்கள். எண் இல்லாத சீட்டை எவ்வளவு விலையுள்ள மென்பொருளில் ஏற்றினாலும் பதில் வராது.

படி 4: ஒரே பக்கம், கடைசிக் கட்டத்தில் ஒரு எண்

முதலில் சொன்ன அந்த இரண்டு பார்ட்டிகளின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். எண் போடத் தொடங்கிய பிறகு இருவருக்கும் தைத்த ஆர்டர்கள் இவை.

பெரியவர்: 6,000 பீஸ், ரேட் 30 ரூபாய், மொத்தம் 1,80,000. டெய்லர் கூலி, கைமடி, செக்கிங், அயர்னிங், பேக்கிங், நூல், கரண்ட், வாடகை எல்லாம் சேர்த்து பீஸுக்கு 25 ரூபாய். மிச்சம் 30,000. நோட்டு மட்டும் இருந்தால் இங்கேயே நிறுத்தியிருப்போம். சீட்டைக் கூட்டினால் ஆல்டருக்கு மட்டும் 40 ஷிப்ட் போயிருந்தது, ஷிப்டுக்கு 560 வீதம் 22,400. பணம் வந்தது 96-ஆம் நாள். ஓவர் டிராஃப்ட் வட்டி வருடத்துக்கு 12 சதவீதம் என்று போட்டால் 5,681. கடைசியில் நின்றது 1,919 ரூபாய்.

சின்னவர்: 2,000 பீஸ், ரேட் 29, மொத்தம் 58,000. செலவு பீஸுக்கு 25.50, மிச்சம் 7,000. ஆல்டர் 600. பணம் 21-ஆம் நாளே வந்துவிட்டது, வட்டி 400. நின்றது 6,000.

இதோடு முடியவில்லை. பெரிய ஆர்டர் பேட்ச்சை 11 நாள் பிடித்துக்கொண்டது, சின்னது 4 நாள். மிச்சத்தை நாளால் வகுங்கள். பெரியவரிடம் ஒரு நாளைக்கு 174 ரூபாய், சின்னவரிடம் 1,500. எங்களிடம் குறைவாக இருப்பது பேட்ச்சின் நாட்கள்தான். அதனால் அறிக்கையின் கடைசிக் கட்டத்தில் இந்த எண்தான் நிற்க வேண்டும். உங்களிடம் எது குறைவோ அதால் வகுங்கள். கடை வைத்திருப்பவருக்கு ரேக்கின் இடமாக இருக்கலாம், லாரி ஓட்டுபவருக்கு டிரிப்பாக இருக்கலாம்.

இப்போது அந்தக் காரண வார்த்தைக்கு வருவோம். 40 ஷிப்டில் 31 ஷிப்ட் “துணி” என்று இருந்தது. பார்ட்டி கொடுத்த கழுத்து ரிப் (கழுத்தில் வைக்கிற பட்டைத் துணி) லாட்டுக்கு லாட் அளவு மாறி வந்திருக்கிறது. எங்கள் ஆட்கள் பிரித்துப் பிரித்துத் தைத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டுகளைக் கட்டாகக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தோம். சண்டை எதுவும் வரவில்லை. ரிப் கோளாறால் வருகிற ஆல்டர் கூலியை அவரே ஏற்பதாக ஒப்புக்கொண்டார். அவரை விட்டுவிடலாம் என்று இருந்த அப்பாவும் மனம் மாறினார். யாரை வைத்துக்கொள்வது, யாரிடம் எதைப் பேசுவது, எந்த வேலையை வேண்டாம் என்பது என்று அடுத்த ஒரு வருடத்தைத் தீர்மானித்தது அந்த ஒரு பக்கம்தான். மேலாண்மைப் பாடத்தில் வியூகப் பங்கு என்று சொல்வது இதைத்தான்.

பணம் வர ஆகும் நாட்களைப் பற்றி ஒன்று. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு உற்பத்தியாளராகவோ சேவை தருபவராகவோ இருந்தால், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பார்ட்டி தள்ளிப்போட 2006-ஆம் வருட எம்எஸ்எம்இடி சட்டம் (குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டம்) இடம் தரவில்லை. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவும் வந்தது. கெடு தாண்டினால், பணம் கொடுக்கிற வருடத்தில்தான் பார்ட்டி அதைச் செலவாகக் காட்ட முடியும். பில் தாளில் நாள் கணக்கு சரியாக இருந்தால் இதைத் தைரியமாகப் பேசலாம்.

படி 5: திங்கட்கிழமை அரை மணி நேரம்

சனிக்கிழமை சம்பளம் போட்டதும் சீட்டு ஏற்றி முடித்துவிடுவோம். திங்கள் காலை அப்பா, நான், சூப்பர்வைசர் அக்கா மூவரும் அந்த ஒரு பக்கத்தை அச்செடுத்து வைத்து உட்காருவோம். போனில் பார்க்காதீர்கள், தாளில் பேனாவால் சுழிக்கும்போது வருகிற பேச்சே வேறு. அக்காவைக் கட்டாயம் உட்கார வையுங்கள். தான் எழுதின எண்ணால் ஒரு முடிவு மாறுவதைப் பார்த்த பிறகு அவர் ஒரு சீட்டைக்கூட வெறுமையாக விட்டதில்லை.

பின்சேர்க்கை: தேதி பற்றி

இரண்டு மூன்று பேர் ஒரே சிக்கலை எழுதியிருந்தார்கள், பணம் வந்த நாட்கள் மைனஸில் வருகிறது என்று. ஷீட்டின் லொகேல் (எந்த நாட்டு முறையில் தேதியைப் படிப்பது என்ற அமைப்பு) அமெரிக்காவில் இருந்தால் 05/04 என்று அடித்ததை மே 4 என்று எடுத்துக்கொள்ளும். 13/04-ஐத் தேதியாகவே ஏற்காமல் எழுத்தாக வைத்துவிடும். ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போய் லொகேலை இந்தியா என்று மாற்றுங்கள். ஏற்கெனவே தவறாக ஏறியவை தானாகத் திருந்தாது, திரும்ப அடிக்க வேண்டும். எழுத்தாக நிற்கிற தேதி கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டியிருக்கும், உண்மையான தேதி வலப்பக்கம் ஒட்டும். ஆனால் மே 4 ஆகிப்போனதும் வலப்பக்கம்தான் ஒட்டும். அதனால் மாதத்தின் முதல் 12 நாள் பில்களை மட்டும் பில் புத்தகத்தோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள்.