இருபது நிமிடம் என்றால் இருபதுதான்: இடைக்கால ஆய்வு மாநாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் அமெரிக்காவில் கலமாசூ, ஜூலைத் தொடக்கத்தில் இங்கிலாந்தில் லீட்ஸ்: இடைக்காலத்தை, அதாவது ஏறத்தாழ 500 முதல் 1500 வரையிலான காலத்தை, ஆய்பவர்களின் இரண்டு பெரிய ஆண்டு மாநாடுகள். இடைக்கால வரலாறு, இலக்கியம், சுவடியியல், கலை என எந்தத் துறையில் இருந்தாலும் என்றாவது ஒருநாள் இந்த இரண்டில் ஒன்றுக்குப் போக வேண்டிவரும். கலமாசூ மாநாடு 1962-இல் தொடங்கியது. மிச்சிகன் மாநிலத்தின் வெஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. லீட்ஸ் பல்கலைக்கழக மாநாடு 1994-இல் தொடங்கியது. இரண்டுக்கும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். முகங்கள் மாறுகின்றன, புதியவர்கள் செய்யும் தவறுகள் மாறுவதில்லை. அனுபவசாலிகள் எல்லோரும் தங்கள் முதல் மாநாட்டில் செய்துவிட்டு வந்தவைதான் அவை. பேட்ஜை மறக்காதீர்கள், அறையை முன்பே பார்த்து வையுங்கள் போன்றவற்றை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொல்லாவிட்டால் தெரியாதவை மட்டும் இங்கே.

ஒரே கட்டுரையை இரண்டு அமர்வுக்கு அனுப்புவது

லீட்ஸில் தனிக் கட்டுரைகளுக்குக் கெடு வழக்கமாக ஆகஸ்ட் இறுதி, முழு அமர்வுகளுக்கு செப்டம்பர் இறுதி. கலமாசூவுக்கு செப்டம்பர் நடுப்பகுதி. அழைப்புகளைப் பார்க்கும்போது தன் தலைப்பு மூன்று அமர்வுகளுக்குப் பொருந்துவதுபோலத் தோன்றும். எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றுக்கும் அனுப்பிவிடுகிறார்கள். கலமாசூவில் ஒருவர் ஒரு கட்டுரையை ஓர் அமர்வுக்குத்தான் முன்மொழியலாம். வட்டமேசை விவாதங்களுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. லீட்ஸிலும் ஆளுக்கு ஒரு கட்டுரைதான். அமர்வு அமைப்பாளர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், ஒரே சுருக்கம் இரண்டு மேசைக்கு வந்தால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். இதில் இன்னொன்றும் உண்டு. கலமாசூவில் ஓர் அமர்வுக்குத் தேர்வாகாத கட்டுரை பொது அமர்வுகளுக்கான பரிசீலனைக்குப் போக வழி இருக்கிறது. ஆகவே இரண்டாவது பிரதிக்குத் தேவையே இல்லை.

பெயரும் இனிஷியலும்

நம் பெயர் முறையால் வரும் தலைவலி இது. கட்டுரையில் 'கே. முருகன்', பாஸ்போர்ட்டில் 'முருகன் கந்தசாமி', பதிவுப் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் வெறும் 'கே'. மாநாட்டிலிருந்து வரும் அழைப்புக் கடிதமும் அப்படியே 'கே' என்று வரும். விசா விண்ணப்பத்தில் உள்ள பெயரும் கடிதத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் விளக்கம் சொல்லும் வேலை உங்களுடையது. பதிவைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து செய்யுங்கள். நிகழ்ச்சி நிரலில் அச்சாக வேண்டிய பெயர் வேறு என்றால் அதைத் தனியாகக் கேட்டுப் பெறுங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று வரும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. விமானச் சீட்டு எடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

விசா

பிரிட்டனுக்குப் பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்புதான் விண்ணப்பிக்க முடியும், முடிவு வர வழக்கமாக மூன்று வாரம். அமெரிக்காவுக்கு நேர்காணல் தேதி கிடைக்கவே பல மாதங்கள் ஆகலாம். ஏற்புக் கடிதம் வந்த அன்றே தேதி தேடுங்கள்.

நேரத்தை மீறுவது

எத்தனை வருடமானாலும் ஆறாத எரிச்சல் இது. மற்ற தவறுகளால் செய்தவருக்குத்தான் நட்டம், இதில் நட்டப்படுவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்.

கணக்கு எளிது. ஓர் அமர்வு 90 நிமிடம். வழக்கமாக மூன்று கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம். பேச்சாளர்களை அறிமுகப்படுத்த ஐந்து நிமிடம், ஒருவர் மடிக்கணினியைக் கழற்றி இன்னொருவர் மாட்டுவதில் ஐந்து நிமிடம். விவாதத்துக்கு மிஞ்சுவது இருபது. ஆளுக்கு நான்கு நிமிடம் மீறினால் பன்னிரண்டு போய்விடும். மிச்சமுள்ள எட்டில் இரண்டு கேள்விக்குமேல் தாங்காது. முதலில் பேசுபவர் மட்டும் பத்து நிமிடம் மீறினால் இன்னும் மோசம். அமர்வுத் தலைவர் அவரைத் தடுக்கத் தயங்கிவிட்டு, மூன்றாமவரிடம் குனிந்து "கொஞ்சம் சுருக்கிக்கொள்ள முடியுமா?" என்று கேட்பார். அந்த மூன்றாமவர் பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர். இந்த இருபது நிமிடத்துக்காகவே கடல் தாண்டி வந்தவர். பெரிய பேராசிரியர்களே மீறுகிறார்களே என்று சொல்வதுண்டு. மீறுகிறார்கள்தான், அறையில் எல்லோரும் அவர்களைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மீறுபவர்கள் யாரும் வேண்டுமென்று மீறுவதில்லை. நான்கு இடங்களில் கணக்குத் தப்புகிறது.

முதலாவது, சொல் எண்ணிக்கை. ஆங்கிலக் கட்டுரையைக் கேட்பவர் பின்தொடரும்படி வாசித்தால் நிமிடத்துக்கு 120 முதல் 130 சொல் போகும். இருபது நிமிடத்துக்கு 2,400 முதல் 2,600. படம் காட்ட, மூச்சு வாங்க, தண்ணீர் குடிக்க இடம் விட்டால் 2,200 சொல்தான் பாதுகாப்பான அளவு. பன்னிரண்டு புள்ளி எழுத்தில் இரட்டை இடைவெளி விட்டு அச்சிட்டால் எட்டுப் பக்கம். புதியவர்கள் கையில் பன்னிரண்டு பக்கத்தோடு வருகிறார்கள். வேகமாக வாசித்துச் சமாளித்துவிடலாம் என்று நினைப்பு. அறையில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் இரண்டாவது மொழியோ மூன்றாவது மொழியோதான், வேகமாக வாசித்தால் அவர்களுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

இரண்டாவது, மேற்கோள். நான்கு வரி லத்தீனை வாசிக்க அரை நிமிடம், அதன் மொழிபெயர்ப்பை வாசிக்க இன்னொரு அரை நிமிடம். இப்படி ஐந்து மேற்கோள் இருந்தால் கால் பங்கு நேரம் அதற்கே சரியாகிவிடும். மூலத்தைத் திரையிலோ கைத்தாளிலோ போட்டுவிட்டு மொழிபெயர்ப்பை மட்டும் வாசியுங்கள். வாதம் ஒரு சொல்லில் நிற்கிறது என்றால் அந்த ஒரு சொல்லை மட்டும் மூலத்தில் உச்சரித்தால் போதும்.

மூன்றாவது, யாரும் கணக்கில் எடுக்காத சுவடி எண். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயச் சுவடிச் சேகரிப்பாளர் ராபர்ட் காட்டனின் நூலகத்தில் பெரும்பாலான அலமாரிகளின் மேல் ஒரு ரோமப் பேரரசரின் மார்பளவுச் சிலை இருந்தது. சுவடிகளுக்கு அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன. 'பிரிட்டிஷ் நூலகம், காட்டன் விட்டெலியஸ் ஏ பதினைந்து, ஃபோலியோ இத்தனை, ரெக்டோ' (இத்தனையாம் ஏட்டின் முன்பக்கம்) என்று முழுதாக வாசிக்க எட்டு முதல் பத்து நொடி ஆகும். பதினைந்து தடவை சொன்னால் இரண்டு முதல் இரண்டரை நிமிடம். கேட்பவர் யாரும் அதைக் காதால் வாங்கிக் குறித்துக்கொள்ளப் போவதில்லை. திரையின் மூலையில் சிறிய எழுத்தில் போட்டுவிட்டு, வாயால் 'இந்தச் சுவடி' என்று சொன்னால் போதும்.

நான்காவது, ஒத்திகை. மனதுக்குள் வாசித்துப் பார்த்துவிட்டுப் பதினெட்டு நிமிடம்தான் வந்தது என்பார்கள். கண் ஓடும் வேகம் வேறு, வாயின் வேகம் வேறு. எழுந்து நின்று, உரக்க, திரைகளை மாற்றிக்கொண்டே இரண்டு முறை வாசித்தால்தான் உண்மை தெரியும்.

இனி, செய்ய வேண்டியது. முதல் மூன்று பக்கத்தில் யார் யார் முன்பு என்ன சொன்னார்கள் என்ற வரலாறு இருந்தால் அதை மூன்று வாக்கியமாக்குங்கள். அறையில் இருப்பவர்களில் பலர் அந்த 'யார் யார்' ஆகவே இருக்கக்கூடும். பிறகு பென்சிலை எடுத்து இரண்டாம் பக்கத்தின் அடியில் 5 என்றும், நான்காம் பக்கத்தின் அடியில் 10 என்றும், ஆறாம் பக்கத்தின் அடியில் 15 என்றும் எழுதுங்கள். மேசையில் கடிகாரத்தை வைத்து வாசிக்கும்போது பின்தங்குவது அங்கேயே தெரிந்துவிடும், மீதி நேரத்தை எழுதித் தலைவர் காட்டும் சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. விட்டுவிட்டாலும் வாதம் உடையாத இரண்டு பத்திகளை முன்பே சதுர அடைப்புக்குள் போட்டு வையுங்கள், இரண்டும் சேர்ந்து மூன்று நிமிடம் தேற வேண்டும். முடிவுரையைத் தனித் தாளில், 150 சொல்லுக்குள் எழுதுங்கள். இரண்டு நிமிடச் சீட்டு வந்ததும் கையில் இருக்கும் வாக்கியத்தை முடித்துவிட்டு நேராக அந்தத் தாளுக்குப் போய்விடலாம். 'நேரமில்லாததால் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறேன்' என்று சொல்லவே வேண்டாம். விட்டது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், சொன்னால்தான் அறைக்குத் தெரியும்.

சீட்டைப் பார்த்தபிறகு 'இன்னும் இரண்டே பக்கம்தான்' என்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்தால் நல்லது: இரண்டு பக்கம் என்பது ஐந்து நிமிடம்.

எழுத்துரு

கணினி மாறினால் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக மாறுவதைப் பார்த்துப் பழகியவர்களே இதில் ஏமாறுகிறார்கள். இடைக்கால ஆங்கிலத்தின் 'யோக்' என்ற எழுத்து, லத்தீன் சுவடிகளில் 'பெர்' என்பதற்காக அடித்தண்டில் குறுக்குக்கோடிட்ட 'பி' போன்றவை எல்லா எழுத்துருக்களிலும் இருக்காது, இடைக்கால ஆய்வாளர்களுக்கான ஜூனிகோட் போன்ற சிறப்பு எழுத்துருக்களில் ஒழுங்காக வரும். அறையின் கணினியில் அது இருக்காது. கோப்பைப் பிடிஎஃப் ஆக மாற்றிப் பென்டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று என வைத்துக்கொள்ளுங்கள். அசைவூட்டங்கள் போய்விடும், போகட்டும்.

படங்களிலும் ஒரு சிக்கல். முழு ஏட்டைத் திரையில் போட்டால் பின்வரிசைக்குப் பழுப்புச் சதுரம் மட்டும்தான் தெரியும். முழு ஏடு பத்து நொடி, அடுத்த திரையில் நீங்கள் பேசும் இரண்டு வரி மட்டும் பெரிதாக.

நிரலைத் தலைப்பைப் பார்த்துப் படிப்பது

லீட்ஸில் அமர்வு எண்ணே நேரத்தைச் சொல்லிவிடும். கடைசி இரண்டு இலக்கத்தை மறைத்துவிட்டுப் பாருங்கள்: 5 முதல் 9 வரை செவ்வாய், 10 முதல் 14 வரை புதன். 1014-உம் 1022-உம் ஒரே நேரத்தில் நடப்பவை, ஒன்று முடிந்ததும் இன்னொன்று என்று திட்டமிட முடியாது. முதல் கட்டுரையை இங்கே கேட்டுவிட்டு இரண்டாவதற்கு அடுத்த கட்டிடத்துக்கு ஓடலாம் என்பதும் நடக்காது. யாராவது வராமல் போயிருப்பார், வரிசை மாறியிருக்கும், அல்லது முதலாமவர் இன்னும் பேசிக்கொண்டே இருப்பார். நாளுக்கு மூன்று அமர்வு போதும். மீதி நேரம் காபி வரிசைக்கும் புத்தகக் காட்சிக்கும். பலருக்கு அடுத்த வருட அமர்வுக்கான அழைப்பு அங்கேதான் கிடைக்கிறது.

சோழரை எங்கிருந்து தொடங்குவது

தஞ்சைக் கல்வெட்டைப் பற்றிப் பேசப் போனவர் எட்டு நிமிடம் சோழ வம்ச வரலாறு சொல்லிக்கொண்டிருந்தால் மிச்சப் பன்னிரண்டில் கல்வெட்டுக்கு எங்கே இடம்? ஒரு வரைபடம், ஓர் ஒப்பீடு போதும். ராஜேந்திரனின் ஸ்ரீவிஜயப் படையெடுப்பு நடந்த 1025-இல் இங்கிலாந்தை ஆண்டவர் டென்மார்க்கின் க்னூட். இந்த ஒரு வாக்கியத்தில் அறையில் இருப்பவர்களுக்குக் காலமும் பிடிபடும், கடல் கடந்த அரசு என்ற உருவமும் பிடிபடும். கல்வெட்டில் வரும் சக சகாப்த ஆண்டுகளை வாசிக்கும்போது 78 கூட்டி, கி.பி. ஆண்டாகவே சொல்லுங்கள், அவர்களைக் கூட்ட வைக்காதீர்கள்.

கேள்வி

ஒரே மூச்சில் கேட்டு முடிக்க முடியாதது கேள்வி அல்ல.

பதிப்பகத்தாரிடம் கையெழுத்துப் பிரதியை நீட்டுவது

புத்தகக் காட்சியில் நிற்கும் பதிப்பாசிரியருக்கு அரை மணிக்கு ஒரு சந்திப்பு ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கும். மூன்று நான்கு வாரம் முன்பே மின்னஞ்சலில் நேரம் கேளுங்கள். கையில் ஒரு பக்கம் போதும்: நூல் எதைப் பற்றியது, யார் படிப்பார்கள், எத்தனை சொல், எப்போது முடியும். முனைவர் பட்ட ஆய்வேட்டை அப்படியே நூலாக்கப் போவதில்லை என்பதும் அதில் தெரிய வேண்டும்.

புத்தகம்

காட்சிப் பிரதிகளைக் கடைசி நாளில் விலை குறைத்துத் தள்ளிவிடுவார்கள். வாங்குவதற்கு முன் பெட்டியை எடை போடுங்கள்.

சொல்லாமல் வராமல் இருப்பது

விசா கிடைக்கவில்லையா, உடல்நிலை சரியில்லையா, அமைப்பாளருக்கும் தலைவருக்கும் அன்றே எழுதுங்கள்.

கடைசி அமர்வை வெட்டிவிட்டுக் கிளம்புவது

லீட்ஸில் வியாழன் பிற்பகல், கலமாசூவில் கடைசி நாள். உங்கள் கட்டுரை அங்கே விழுந்திருந்தால் முந்தைய விமானத்துக்கு மாறப் பார்க்காதீர்கள். அறையில் எட்டுப் பேர்தான் இருப்பார்கள். பெட்டியைச் சுவரோரம் சாத்திவைத்துவிட்டு, இந்தத் தலைப்புக்காகவே தங்கிய எட்டுப் பேர்.