ஒரே சத்தம், வேறு எழுத்து: குழப்பும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிவது எப்படி?

"தெயர் போட் இஸ் தெயர். தெயர் கோயிங் டு த லகூன்."

அவர்களுடைய தோணி அங்கே நிற்கிறது. அவர்கள் வாவிக்குப் போகிறார்கள். தமிழில் எழுதினால் மூன்று 'தெயர்'களும் ஒன்றுதான், ஆங்கிலத்திலோ மூன்றுக்கும் வேறு வேறு எழுத்து. காதை நம்பிப் பயனில்லை. வசனத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன வேலை என்று பாருங்கள்.

படி 1: விரித்து வாசியுங்கள்

'தே ஆர் கோயிங்' பொருந்துகிறது. ஆகவே ரீ-எச்-ஈ-வை, மேலே ஒரு கொமா, பிறகு ஆர்-ஈ. 'தே ஆர் போட்' பொருந்தவில்லை. அங்கே கொமா வராது. இதேபோல் 'யுவர்' என்பதை 'யூ ஆர்' என்றும், 'இட்ஸ்' என்பதை 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்றும் விரிக்கலாம்.

'இட்ஸ்'ஸில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் சறுக்குவார்கள். 'அதிபரின் அறை' என்று எழுத மேற்கொமா போடுகிறோம் அல்லவா, அந்தப் பழக்கத்தில் 'அதன் வால்' என்பதற்கும் கை தானாகப் போட்டுவிடும். 'ஹிஸ்', 'அவர்ஸ்' போன்ற சொற்களுக்கு அது இல்லை. உடைமையைச் சொல்லும் 'இட்ஸ்'ஸுக்கும் இல்லை.

படி 2: சொல்லுக்குள் சொல் தேடுங்கள்

'அங்கே' எனும் தெயரின் கடைசி நான்கு எழுத்துகள் எச்-ஈ-ஆர்-ஈ. அது 'இங்கே'. இரண்டும் இடத்தைச் சொல்பவை. 'அவர்களுடைய' எனும் தெயரின் கடைசி நான்கு எச்-ஈ-ஐ-ஆர். அதற்குப் பொருள் வாரிசு. உரிமை இருக்கும் இடத்தில் வாரிசும் இருப்பார்!

படி 3: ஒரு எழுத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

கொப்பி, பேனை விற்கும் கடையின் 'ஸ்டேஷனரி' ஈ-ஆர்-வை என முடியும். கடித உறையான 'என்வலப்' தொடங்குவதும் ஈயில்தான். அசையாமல் நிற்பதைச் சொல்லும் 'ஸ்டேஷனரி' ஏ-ஆர்-வை. நிறுத்தி வைத்த 'கார்' ஏ-ஆரில் முடிவதை நினையுங்கள்.

விடுமுறைக் கடிதத்தில் அதிபர் எனும் 'பிரின்சிபல்' ஏ-எல் என முடிவார்; கொள்கை எனும் 'பிரின்சிபல்' எல்-ஈ. ஓட்டோவின் பிரேக் ஏ-கே-ஈ, பாடசாலை இடைவேளை எனும் 'பிரேக்' ஈ-ஏ-கே.

படி 4: சொல்வதெழுதுதல்

சொல்லைத் தனியாகச் சொல்ல வேண்டாம், முழு வசனத்தையும் வாசிக்கச் சொல்லி எழுதுங்கள். தனிச் சொல்லைக் கேட்டு எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஃபோனின் எழுத்துப்பிழைத் திருத்தியையும் அதிகம் நம்பாதீர்கள். இரண்டு எழுத்தும் அகராதியில் இருப்பதால் பல நேரம் சிவப்புக் கோடு விழாது.