ரீஃப் டேங்குக்கு உப்பு வாங்கும் முன் ஆல்கலினிட்டியைப் பாருங்கள்

ரீஃப் டேங்குக்கு, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு, எந்த உப்பு நல்லது என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: உங்கள் டேங்கில் இப்போது ஆல்கலினிட்டி எவ்வளவு? பவளம் எலும்புக்கூடு கட்ட எடுத்துக்கொள்ளும் கார்பனேட், பைகார்பனேட் தண்ணீரில் எவ்வளவு என்று காட்டுவதுதான் ஆல்கலினிட்டி. அந்த எண் கையில் இல்லாமல் பிராண்ட் பெயரைப் பற்றிப் பேசிப் பயனில்லை. டெஸ்ட் கிட்டை எடுத்து ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில் அளந்து குறித்து வையுங்கள், அப்புறம் உப்பு வாங்கலாம்.

ஏன் ஆல்கலினிட்டி? கடல்நீரில் கரைந்திருக்கும் முக்கிய உப்புகளின் விகிதம் எந்தப் பெருங்கடலில் எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதை, சாலஞ்சர் என்ற கடல் ஆய்வுக் கப்பல் கொண்டுவந்த 77 மாதிரிகளை ஆராய்ந்து வேதியியலாளர் வில்லியம் டிட்மார் 1884-லேயே காட்டிவிட்டார். உப்புத் தயாரிப்பவர்கள் எல்லோரும் அதே கலவையைத்தான் பின்பற்றுகிறார்கள். அதனால் சோடியம், குளோரைடு போன்றவற்றில் ஒரு வாளி உப்புக்கும் இன்னொரு வாளி உப்புக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் தெரிவது ஆல்கலினிட்டியிலும், ஓரளவு கால்சியம், மெக்னீசியத்திலும்தான். இயற்கைக் கடல்நீரில் ஆல்கலினிட்டி 7 டிகேஎச் (ஆல்கலினிட்டியின் அலகு) அளவில் இருக்கும், கால்சியம் 410 முதல் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மெக்னீசியம் 1300 பிபிஎம்-க்குச் சற்றுக் கீழோ மேலோ. சில உப்புகள் இதை ஒட்டியே இருக்கும். சிலவற்றில் பவளம் வேகமாக வளரட்டும் என்று ஆல்கலினிட்டியை வேண்டுமென்றே 11, 12 வரை ஏற்றியிருப்பார்கள். ஒரே கம்பெனியிலேயே இரண்டும் கிடைக்கும்: ரெட் சீ என்ற கம்பெனியின் சாதாரண உப்பு 8-ஐ ஒட்டி வரும், அவர்களுடைய கோரல் ப்ரோ 12-ஐ ஒட்டி வரும். ஆகவே பிராண்டை மட்டும் பார்த்து வாங்கினால் போதாது, எந்த வாளி என்றும் பார்க்க வேண்டும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. உங்கள் டேங்க் 8-ல் நிற்கிறது, நீங்கள் கரைக்கும் உப்புநீர் 12. பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் டேங்க் 8.4-க்குப் போகும், பவளங்கள் அதைத் தாங்கிக்கொள்ளும். முப்பது சதவீதம் மாற்றினால் ஒரே மதியத்தில் 9.2. எனக்கு இது அனுபவத்தில்தான் புரிந்தது. ஒருமுறை பெரிய அளவில் தண்ணீர் மாற்றி நான்கைந்து நாள் கழித்துப் பார்த்தால், அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தின் நுனிகளில் தோல் கழன்று வெள்ளை எலும்பு மட்டும் தெரிந்தது, சுண்ணாம்பில் தோய்த்த குச்சி போல. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்கும் டேங்கில் ஆல்கலினிட்டி உயர்ந்தால் இந்த நுனி கருகல் இன்னும் எளிதாக வரும்.

சரி, அதிக ஆல்கலினிட்டி உப்பு எடுத்தால் தனியாக டோசிங், அதாவது குறைந்ததை ஈடுகட்டக் கரைசல் சேர்ப்பது, செய்ய வேண்டாமா? கல் பவளம் நிறைய இருக்கும் டேங்கில் அது நடக்காது. நாளுக்கு 1 டிகேஎச் குறைகிற டேங்க் வாரத்துக்கு 7-ஐ இழக்கிறது, பத்து சதவீதத் தண்ணீர் மாற்றத்தில் திரும்பக் கிடைப்பது அந்த 0.4 மட்டும்தான். டோசிங் செய்துதான் ஆக வேண்டும் என்றால், நீங்கள் பிடித்து வைத்திருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் வரும் உப்பே போதும். எஸ்பிஎஸ் டேங்கை (அக்ரோபோரா போன்ற சிறு பாலிப் கல் பவளங்கள் உள்ளதை) 7.5, 8-ல் வைத்திருப்பவர்கள் கடல்நீரை ஒட்டிய உப்பை எடுங்கள். 10, 11-ல் நிலையாக ஓட்டுபவர்களுக்கு ஏற்றிய உப்பு பொருந்தும். மென்பவளம் மட்டும் என்றால் இரண்டில் எதுவும் ஓடும், மீன் மட்டும் என்றால் இவ்வளவு யோசனையே தேவையில்லை, சாதாரண மரைன் உப்பே போதும். சமையல் உப்பு மட்டும் வேண்டாம், அது வெறும் சோடியம் குளோரைடு.

வாளியின் மேல் அச்சடித்த எண்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். அவை எந்த உப்படர்த்திக்குச் சொன்னவை என்று பாருங்கள், ஏனென்றால் 33 பிபிடி-யில் (ஆயிரத்தில் 33 பங்கு உப்பு) அளந்ததும் 35-ல் அளந்ததும் ஒன்றாகாது. முதலில் சின்ன அளவு வாங்கி நீங்களே கரைத்துப் பாருங்கள். டிடிஎஸ் (கரைந்த திடப்பொருள் அளவு) பூஜ்யம் காட்டும் ஆர்ஓ டிஐ சுத்திகரிப்புத் தண்ணீர் 10 லிட்டர், பவர்ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் சின்னப் பம்ப்), ஹீட்டர் போட்டு 25 டிகிரி. லிட்டருக்குச் சுமார் 36 முதல் 40 கிராம் உப்பு பிடிக்கும், பிராண்டைப் பொறுத்து மாறும். தண்ணீர் சுழன்றுகொண்டிருக்கும்போது உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். அப்படி ஊற்றினால் அடியில் செறிவு ஏகத்துக்கும் ஏறி, கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும், அது திரும்பக் கரையாது. முதலில் பால் போலக் கலங்கும், பயப்பட வேண்டாம். சில மணி நேரத்தில் கலக்கும் பாத்திரத்தின் அடி தெரிகிற மாதிரி தெளிய வேண்டும். அடுத்த நாளும் கலங்கலாகவே இருந்தாலோ, ஹீட்டர் மேல் விரலால் சுரண்டினால் நறநறக்கும் வெள்ளைப் பூச்சு இருந்தாலோ அந்த உப்பு எனக்கு வேண்டாம். வாளி ஓரத்தில் லேசாகப் பழுப்பு வண்டல் ஒட்டுவது வேறு விஷயம். பல உப்புகளில் அது இருக்கும், பார்க்க அழுக்காக இருந்தாலும் பவளத்துக்குக் கெடுதல் இல்லை.

தெளிந்ததும் உப்படர்த்தி அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பிபிடி-க்குக் கொண்டுவாருங்கள், ஒப்படர்த்தி 1.026 என்றாலும் அதேதான். ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் அல்ல, 35 பிபிடி கலிபிரேஷன் திரவத்தில் சரிசெய்யுங்கள். இந்த ஒரு தவறால் இல்லாத பிரச்சினையை உப்பின் தலையில் கட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதன்பிறகு ஆல்கலினிட்டி, கால்சியம், மெக்னீசியம் அளந்து டேங்கின் எண்களோடு ஒப்பிடுங்கள். ஆல்கலினிட்டியில் ஒன்றுக்குள் வித்தியாசம் என்றால் தாராளமாக வாங்கலாம்.

பெரிய வாளி வாங்கியதும் திறக்கும் முன் தரையில் படுக்க வைத்து நன்றாக உருட்டுங்கள், பயணத்தில் நுண்துகள்கள் அடியில் இறங்கியிருக்கும். வேறு உப்பிலிருந்து மாறுகிறீர்கள் என்றால் முதல் தண்ணீர் மாற்றத்தில் கால் பங்கு புதியது, அடுத்ததில் பாதி, பிறகு முக்கால் என்று நான்கு தடவையில் மாறுங்கள், ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் மறக்காமல் ஆல்கலினிட்டியை அளங்கள். மூடியை இறுக்கி மூடி வையுங்கள். ஈரம் இழுத்துக் கல்லாக இறுகிப்போன உப்பில் ஆல்கலினிட்டி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம், அதை அளக்காமல் பவள டேங்கில் ஊற்றாதீர்கள்.