கம்பஸ் போகும் பிள்ளைக்கு ஒரு 80 பக்கக் கொப்பி

வாளி, நுளம்பு வலை, பெட்ஷீற், இரண்டு போத்தல் ஊறுகாய் எல்லாம் கட்டியாகிவிட்டது. கிழக்கிலங்கையில் வந்தாறுமூலைக் கம்பஸுக்கோ ஒலுவில் கம்பஸுக்கோ போகிற அந்தப் பையில் இன்னும் ஒரு சாமான் வைங்க: 80 பக்கக் கொப்பி ஒன்று. பாடக்குறிப்பு எழுத இல்லை.

கிழக்கில் ஒரு கம்பஸில் (எது என்று கேட்காதீங்க) நான் சில வருசம் மாணவ ஆலோசகராக இருந்தேன். பகிடிவதை (ராகிங்), பாகுபாடு, பாலியல் தொல்லை என்று என் மேசைக்கு வந்த முறைப்பாடுகளில் பொய் மிகக் குறைவு. தோற்றுப்போனவை நிறைய. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: நடந்ததை யாரும் அன்றைக்கே எழுதி வைக்கவில்லை. ஒன்றுமே தெரியாத முதலாம் வருடப் பிள்ளைக்காக இதை எழுதுகிறேன். தாய் தகப்பனும் வாசிக்கலாம்.

படி 1: நடந்தது எது என்று பாருங்க

மூன்றுக்கும் பாதை வேறு வேறு. அதனால்தான் முதலில் இது.

பகிடிவதைக்குத் தனிச் சட்டமே உண்டு, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். உடலுக்கோ மனதுக்கோ காயம், வேதனை, பயம் உண்டாக்குகிற செயல், உண்டாக்கக்கூடிய செயல், இரண்டுமே அதில் அடங்கும். செய்தவர் ‘சும்மா பகிடிக்கு’ என்று நினைத்தாரா என்பது அங்கே கணக்கில்லை. தண்டனை 2 வருடம் வரை சிறை. அதில் பாலியல் தொல்லையோ கடுங்காயமோ சேர்ந்தால் 10 வருடம் வரை. இந்தச் சட்டம் சும்மா வரவில்லை. 1997இல் பேராதனையில் பொறியியல் மாணவன் வரப்பிரகாஷ், சீனியர்மார் செய்வித்த கடும் உடற்பயிற்சியால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அதே வருடம் நம்ம அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்திலும் முதலாம் வருட மாணவர் ஒருவர் அதே விதமாகத்தான் போனார்.

பாலியல் தொல்லை தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு. தொட்டால்தான் குற்றம் என்றில்லை, சொல்லும் சைகையும் போதும். 5 வருடம் வரை சிறை. ஆண்பிள்ளைக்கு நடந்தாலும் இதே பிரிவுதான். புள்ளி போடுகிறவர் இரவு 11 மணிக்கு ‘தூங்கிட்டீங்களா?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்கத் தொடங்கினால் அதையும் கொப்பியில் போடுங்க.

பாகுபாடுதான் பிடிபடக் கஷ்டமானது. அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் என்று வரிசையாகச் சொல்கிறது. வாழ்க்கையில் அது அப்படி வரிசையாக வராது. மலையகத்து ஹட்டனில் இருந்து வந்த பிள்ளை பேசினால் பின் வாங்கில் சிரிப்பு. அபாயா போட்டவளுக்கும் பொட்டு வைத்தவளுக்கும் ஆய்வுகூடத்தில் ஒரே குழு கிடைக்காது. மட்டக்களப்பில் வயசான அம்மம்மா ஒருத்தி ‘எந்தக் குடி மகள்?’ (குடி என்றால் தாய்வழி வம்சம்) என்று கேட்டால் அது சுகம் விசாரிப்பது. அதே கேள்வியை ஹொஸ்டலில் கேட்டு, பதிலைப் பொறுத்துச் சாப்பாட்டு மேசை மாறுகிறது என்றால் அது வேறு விசயம்.

எதற்குள் அடங்கும் என்று தெரியாவிட்டால் பரவாயில்லை. அடுத்த படி எல்லாவற்றுக்கும் பொது.

படி 2: அன்றிரவே எழுதுங்க

இதில்தான் நான் நிறைய நேரம் எடுக்கப் போகிறேன்.

பெரும்பாலான பிள்ளைகள் எழுதுவது இப்படி: ‘நேற்று சீனியர்கள் என்னை மிகவும் கேவலமாக நடத்தினார்கள். நான் மனமுடைந்து போனேன்.’ உண்மைதான். ஆனால் இதை வைத்து ஒருவரும் ஒன்றும் விசாரிக்க முடியாது.

இப்படி எழுதிப் பாருங்க:

‘செவ்வாய், இரவு 9.40. ஹொஸ்டல் இரண்டாம் மாடி, கடைசி அறை. நாலு பேர். இரண்டு பேரின் பெயர் தெரியும் (பெயரை எழுதவும்). மற்றவர்களில் ஒருவர் மூன்றாம் வருடம், கண்ணாடி, கறுப்பு ரீசேட். கண்ணாடிக்காரர் “சேட்டைக் கழட்டு” என்றார். முடியாது என்றேன். போனைப் பறித்தார். 9.50க்குக் கரண்ட் போனது, போன் லைற் அடித்தார்கள். 10.25க்குப் போனைத் தந்தார்கள். கதவடியில் என் ரூம்மேற் நின்றான்.’

அந்தக் கரண்ட் போன வரி நான் கற்பனையில் போட்டது இல்லை. ஒரு விசாரணையில் எதிர்த்தரப்பு நாலு பேரும் ‘அன்றைக்கு நாங்கள் ஊரில்’ என்று ஒரே குரலில் சொன்னார்கள். பையனின் கொப்பியில் கரண்ட் போன நேரம் இருந்தது. விடுதிப் பொறுப்பாளரின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். 9.52. அதற்குப் பிறகு அறையில் பேச்சின் தொனியே மாறிவிட்டது.

தூசணம் சொல்லியிருந்தால் தூசணத்தை அப்படியே எழுதுங்க. கூச்சமாகத்தான் இருக்கும். ஒரு பிள்ளை ‘தகாத வார்த்தை பேசினார்’ என்று மட்டும் எழுதித் தந்தாள். ஏழு மாதம் கழித்து விசாரணைக் குழுவில் ஒருவர் ‘என்ன வார்த்தை?’ என்றார். ஐந்து ஆண்கள் இருந்த அறை. அவள் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ‘மறந்துட்டன் சேர்’ என்றாள். மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கடதாசியில் இருந்திருந்தால் ‘வாசியுங்க’ என்று நீட்டியிருப்பாள்.

பேனையால் எழுதுங்க. பக்கம் கிழிக்க வேண்டாம். பிழைத்தால் ஒரு கோடு போட்டு வெட்டுங்க. எழுதி முடிந்ததும் பக்கத்தைப் படம் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்புங்க. எப்போது எழுதியது என்பதற்கு அந்த அனுப்பிய நேரம் சாட்சி.

படி 3: மற்ற ஆதாரங்கள்

வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீங்க, அருவருப்பாக இருந்தாலும். ஸ்கிரீன்ஷொட்டில் நம்பரும் திகதியும் தெரிய வேண்டும்.

அடிபட்டிருந்தால் அரச ஆஸ்பத்திரிக்குப் போய், எப்படி அடிபட்டது என்று உண்மையைச் சொல்லுங்க. ‘படியில் விழுந்தேன்’ என்று ஒருமுறை பதிவாகிவிட்டால் பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. பாலியல் வன்முறை என்றால் குளிக்க முன்னம், உடுப்புத் தோய்க்க முன்னம் போங்க. உடுப்பைப் பொலித்தீனில் இல்லாமல் கடதாசிப் பையில் போட்டுக் கொண்டுபோங்க. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பார்.

படி 4: ஒருவரிடமாவது சொல்லுங்க

வீட்டில் சொல்லப் பிள்ளை பயப்படுவது அடி உதைக்கு இல்லை. ‘படிச்சது போதும், வந்திடு மகள்’ என்று அம்மா சொல்லிவிடுவாளே என்றுதான். அம்மாமார் தயவுசெய்து அந்த வசனத்தை ஒரு கிழமைக்குத் தள்ளி வைங்க.

படி 5: முறைப்பாடு

தமிழிலேயே எழுதலாம். முதல் பந்தியில் நீங்கள் யார், எந்தப் பீடம், எந்த வருடம். இரண்டாவதில் கொப்பியில் இருந்து நடந்தது. மூன்றாவதில் என்ன வேண்டும் என்று கேளுங்க. இந்த மூன்றாவதை எல்லோரும் விட்டுவிடுவார்கள். ‘நீதி வேண்டும்’ போதாது. ‘எனக்கு வேறு விடுதி வேண்டும்’, ‘என் விடைத்தாளை வேறொருவர் திருத்த வேண்டும்’, ‘இவர் என்னோடு தொடர்புகொள்ளக் கூடாது’ என்று எழுதுங்க.

மாணவ ஆலோசகருக்கோ பீடாதிபதிக்கோ கொடுக்கலாம். குற்றம் சாட்டப்படுகிறவர் விரிவுரையாளர் என்றால் அவருடைய துறைக்குள் கொடுக்காதீங்க. தேத்தண்ணி நேரத்துக்குள் அவர் காதுக்குப் போய்விடும். நேரே துணைவேந்தருக்கு எழுதி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்க.

இரண்டு பிரதி கொண்டுபோங்க. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் ‘கிடைத்தது’ என்று திகதியோடு முத்திரை குத்தி வாங்குங்க. கிளார்க் ‘வச்சிட்டுப் போங்க தங்கச்சி’ என்பார். சிரித்துக்கொண்டே நில்லுங்க. குத்தாவிட்டால் பதிவுத் தபாலில் போட்டுத் துண்டைக் கொப்பியில் ஒட்டுங்க.

படி 6: வெளியே போவது

பகிடிவதையும் பாலியல் தொல்லையும் குற்றம். கம்பஸ் விசாரணை முடியும்வரை பொலிஸுக்குப் போகக் கூடாது என்று யாராவது சொன்னால் அது சட்டம் இல்லை. அவசரத்துக்கு 119, பெண்களுக்கான உதவிக்கு 1938. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதற்குக் கீழே கையெழுத்து வைக்காதீங்க.

பாகுபாடு செய்தது நிர்வாகம், அல்லது நிர்வாகம் கண்ணை மூடிக்கொண்டது என்றால் உயர் நீதிமன்றத்துக்கு (சுப்ரீம் கோர்ட்) அடிப்படை உரிமை மனு உண்டு, 126ஆம் உறுப்புரை. இங்கேதான் கவனம்: கால எல்லை ஒரே ஒரு மாதம். கம்பஸ் விசாரணை முடியட்டும் என்று இருந்தால் அது போய்விடும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. தொலைபேசி 1996. வக்கீலுக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்க.

முறைப்பாடு செய்ததற்காக மிரட்டினால் அதுவும் தனிக் குற்றம். 2023இன் 10ஆம் இலக்கச் சட்டம் பாதிக்கப்பட்டவரையும் சாட்சியையும் பாதுகாக்கத்தான் வந்தது. மிரட்டலையும் திகதி போட்டு எழுதுங்க.

படி 7: உங்களுக்கு நடக்கவில்லை என்றால்

கதவடியில் நின்ற ரூம்மேற்றும் ஒரு கொப்பி வைத்திருக்கலாம். இரண்டு கொப்பியில் ஒரே நேரம், ஒரே வார்த்தை இருந்தால் விசாரணைக் குழுவுக்கு வேலை பாதி முடிந்தது. இரண்டாம் வருடம் வந்தபின் ‘நாங்களும் பட்டுத்தானே வந்தோம்’ என்று உங்கள் வாயில் வரும். வரும்போது முதலாம் வருடக் கொப்பியை ஒருமுறை புரட்டுங்க.

கொப்பியை ஹொஸ்டல் அலுமாரியில் வைக்க வேண்டாம், வெளியே போகும்போது பையில் கொண்டுபோங்க. அட்டையில் ‘சமையல் கணக்கு’ என்று எழுதி வைத்திருந்த ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். முன் பக்கங்களில் உண்மையாகவே பருப்பு, தேங்காய், மாசி விலை இருந்தது. பதினாறாம் பக்கத்தில் இருந்து மற்றது.